கண்ணாடிக்குள் ஒரு கானகம்

ஓர் ஈயைக் கொல்வதற்குக் காரணம் வேண்டுமா? இக்கேள்வியை ஓராண்டுக்கு முன் எவரேனும் நம்மிடம் கேட்டிருந்தால், புன்னகைத்துவிட்டு நகர்ந்திருப்போம். கொசுவை அடிக்குமுன் அறநூலைப் புரட்டிப் பார்ப்பவர் யார்? கை தானாகவே எழுகிறது, அடிக்கிறது, துடைத்துக்கொள்கிறது. மனச்சான்று விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரிய தீமைகளைக் குறித்து நீண்ட நேரம் சிந்திக்க ஆயத்தமாயிருக்கும் நாம், இத்தகைய சிறு செயல்களைச் சிந்தனையின் வாசலுக்கே விடுவதில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியும், நம் அறிவுரையால் நேர்ந்த ஒரு பிழையும் அவ்வாசலைத் திறந்துவிட்டன.

கடந்த குளிர்காலத்தில் கனடா நாட்டின் டொரொண்டோ நகரில், நம் தம்பியின் இல்லத்தில் ஏழு வாரம் தங்கியிருந்தோம். சாளரத்துக்கு வெளியே பனி மூடிய தெரு. இலை உதிர்ந்து நிற்கும் மரங்கள். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையைக் காட்டியது. அக்குளிரில் ஓர் ஈயோ எறும்போ வெளியில் நடமாட வழியில்லை. ஆயினும் கூடத்தின் ஒரு மூலையில் சின்னஞ்சிறு மழைக்காடு ஒன்று பச்சைப் பசேலெனத் தழைத்திருந்தது. ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட கண்ணாடிப் பேழை அது. அடியில் நீர் வடிவதற்கென்று சுட்ட களிமண் உருண்டைகள்; அவற்றின்மேல் மண்; மண்ணின்மேல் சருகு. ஒரு பக்கம் பெரணி, மறுபக்கம் மரப்பட்டையைத் தழுவி ஏறும் மணி பிளாண்ட், இடையிடையே பாசி. இவ்வளவும் ஓர் உயிருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. அவ்வுயிர் ஒரு பல்லி.

நம் வீட்டுச் சுவரில் ஒலி எழுப்பி, பஞ்சாங்கத்திலும் இடம்பெற்றுவிட்ட பல்லிக்கு அது தூரத்து உறவு. கிரெஸ்டட் கெக்கோ என்பது அதன் பெயர். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியா அதன் தாயகம். 1866ஆம் ஆண்டில் அறிவியல் உலகில் பெயர் பெற்ற இவ்வினம், பின்னர் நெடுங்காலம் அழிந்துபோனதாகவே கருதப்பட்டு, 1994ஆம் ஆண்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. கண்களுக்கு மேல் இமைமயிர் போன்ற சிறு முட்கள் உண்டு. மூடித் திறக்கும் இமைதான் இல்லை. ஆகவே நாவினால் நக்கிக் கண்ணைத் தூய்மை செய்துகொள்கிறது. பகலெல்லாம் உறங்கி, இரவில் விழித்து, இலைகளில் தெளித்த நீர்த்துளிகளை நக்கிக் குடிக்கிறது. தம்பியின் மகள் அதற்கு 'முத்து' என்று பெயரிட்டிருந்தாள்.

முத்து தனியாக வாழவில்லை. வாலை வில்லாக்கித் துள்ளும் வெண்ணிறப் பொடி உயிர்கள் மண்ணுக்குள் இருந்தன, ஸ்பிரிங்டெயில் என்கிறார்கள். மரப்பேன்களும் இருந்தன. பல்லியின் எச்சத்தையும் அழுகிய இலையையும் பூஞ்சணத்தையும் உண்டு, பேழையைத் துப்புரவாக வைத்திருப்பது இவற்றின் பணி. சிறுமி தன் சேமிப்புப் பணத்தைக் கொடுத்தே இவற்றை வாங்கி விட்டிருந்தாள்.

யாரும் விலை கொடுத்து வாங்காத ஓர் உயிரும் அங்கே குடியேறியிருந்தது.

மஞ்சள் ஒட்டுப்பொறி

நாம் சென்ற மூன்றாம் நாள், தேநீர்க் கோப்பையின் விளிம்பில் கருமையான சிறு பூச்சி ஒன்று வந்து அமர்ந்தது. அளவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தோற்றத்தில் கொசுவின் குழந்தை. மறுநாள் பத்து, அடுத்த வாரம் எண்ண முடியவில்லை. படிக்கும் புத்தகத்தின்மேல், விளக்கைச் சுற்றி, உணவு மேசையில் எங்கும் அவையே. பூஞ்சணத்தை உண்டு வளர்வதால் இவற்றைப் பூஞ்சை ஈக்கள் எனலாம். ஈரமான மண்ணில் ஒரு பெண் ஈ நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை இடுகிறது. கரிய தலையும் கண்ணாடிபோல் வெளிறிய உடலும் கொண்ட புழுக்கள் அவற்றிலிருந்து வெளிவந்து, மண்ணிலுள்ள பூஞ்சணத்தையும் மட்கிய பொருளையும் சில வேளை இளவேர்களையும் உண்கின்றன. முட்டை ஈயாக மாறி மீண்டும் முட்டையிட மூன்று நான்கு வாரம் போதும். வளர்ந்த ஈ கடிப்பதில்லை. நோயைப் பரப்பிப் படுக்கையில் தள்ளுவதும் இல்லை. ஏறக்குறைய ஒரு வாரம் பறந்துவிட்டு மடிந்துபோகிறது.

தம்பி கடையிலிருந்து பூச்சிமருந்துக் குப்பி ஒன்றை வாங்கி வந்தார். அதைத் தெளித்தால் முத்துவும் மடியும், மண்ணுக்குள் இருக்கும் துப்புரவுப் படையும் மடியும் என்று சிறுமி அழுதாள். அப்போது நாம் குறுக்கிட்டோம். நம் ஊர் மிளகாய்த் தோட்டங்களிலும் கத்தரித் தோட்டங்களிலும் வெள்ளை ஈக்களைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். நஞ்சில்லாத வழி, மஞ்சள் நிறத்தை நாடி வரும் பூச்சி பசையில் ஒட்டிக்கொள்ளும். "இதற்கா அழுகிறாய், கண்ணு? ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டால் தீர்ந்தது" என்றோம். பெரியப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, அவள் அன்று மாலையே பேழைக்குள் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். ஒரே இரவில் நாற்பது ஐம்பது ஈக்கள் அகப்படும் என்று அவளிடம் பெருமையாகவும் சொல்லிவைத்தோம்.

விடியற்காலையில் அவளுடைய அலறல் கேட்டு எழுந்தோம். அட்டையில் ஈக்கள் ஒட்டியிருந்தன. முத்துவும் ஒட்டியிருந்தது.

பல்லியின் பாதம் வியப்புக்குரியது. அதில் பசை ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணிழைகள் மேற்பரப்பை அவ்வளவு நெருக்கமாகத் தொடுவதால், மூலக்கூறுகளுக்கிடையே எழும் மெல்லிய ஈர்ப்பே அதனைக் கண்ணாடிச் சுவரில் தாங்குகிறது. பசையின்றி ஒட்டும் ஆற்றல் பெற்ற அப்பாதம், மனிதன் செய்த பசையிலிருந்து விடுபட முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் தோல் கிழியும் என்று தொலைபேசியில் கால்நடை மருத்துவர் எச்சரித்தார். அவர் சொன்னபடி சமையல் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து, விரல் விரலாக, ஒரு மணி நேரம் போராடி விடுவித்தோம். விடுபட்ட அச்சத்தில் முத்து தன் வாலைக் கழற்றி உதிர்த்துவிட்டு மரப்பட்டைக்குப் பின்னே ஒளிந்துகொண்டது. உதிர்ந்த வால் நம் கண்முன்னே சில நிமிடம் துடித்துக்கொண்டிருந்தது.

நம் வீட்டுப் பல்லிக்கு வால் மீண்டும் வளரும். இந்த இனத்துக்கு வளர்வதில்லை. காட்டில் வளர்ந்த பல்லிகளும் பெரும்பாலும் வாலின்றியே காணப்படுகின்றன. அதனால் உயிருக்கு இடரில்லை என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். ஆனால் இப்பல்லிகள் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழக்கூடியவை. அச்சிறுமி வளர்ந்து பெரியவளாகும்வரை, நாம் சொன்ன ஒரு சொல்லின் அடையாளத்தை அவள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். கொளுத்தியவன் மூடன் என்று சிரித்திருக்கிறோம். அவனும் நல்லெண்ணத்தோடுதான் கொளுத்தியிருப்பான் என்பது அன்றுதான் உறைத்தது. வயலில் நல்லதாக இருந்த வழி கண்ணாடிக்குள் தீயதாயிற்று. வயலிலே பல்லி விலகிப் போக இடமுண்டு. பேழைக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. அவ்வேறுபாட்டை எண்ணிப் பாராமல், அறிந்ததொன்றை அறியாத இடத்தில் பொருத்தினோம். அதுவே நம் பிழை.

மூன்று பூச்சிகளும் ஒரு கேள்வியும்

அன்றிரவு சிறுமி நம் அருகில் வந்து அமர்ந்தாள். நம்மைக் குறைகூறுவாள் என்று எதிர்பார்த்திருந்தோம். அவள் வேறொன்று கேட்டாள்.

"பெரியப்பா, முத்துவுக்கு வாரம் ஒருமுறை சுவர்க்கோழியை உயிரோடு தின்னக் கொடுக்கிறேன். ஸ்பிரிங்டெயிலைக் காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறேன். இந்த ஈயை மட்டும் கொல்லப் பார்க்கிறேன். மூன்றும் பூச்சிதானே? எது வாழலாம், எது சாகலாம் என்று எதை வைத்து முடிவு செய்தோம்?"

விடை உடனே வரவில்லை. நேர்மையாகச் சொன்னால், அம்முடிவை நாம் பயனை வைத்தே செய்திருந்தோம். நமக்கு உழைக்கும் பூச்சி பணியாளன். நம் செல்லப் பிராணிக்கு இரையாகும் பூச்சி உணவு. நமக்கு இடையூறாகும் பூச்சி பகைவன். மூன்றின் உடலிலும் உயிர் ஒன்றே. வேறுபாடு அவற்றில் இல்லை. பார்க்கும் நம்மிடமே இருந்தது.

இந்த ஏணி நீதியானதன்று என்று சொல்லிவிடுவது எளிது. ஆயின் ஏணியே வேண்டாம், எல்லா உயிரும் ஒரே தட்டில் என்று சொல்லிவிட்டு வாழ முடியுமா? தமிழகத்துச் சமண முனிவர் மயிற்பீலியால் வழியைக் கூட்டிக்கொண்டு நடந்தனர். திருக்குறளில் கொல்லாமைக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. அந்த அறத்தின் உயரத்தை நாம் வணங்குகிறோம். இல்லறத்தான் ஒருவன் உழுதாலும் விளக்கேற்றினாலும், நீரைக் கொதிக்க வைத்தாலும்கூட எண்ணற்ற சிற்றுயிர்கள் மடிகின்றன. முத்து வேட்டையாடிப் பிழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. பழக்கூழ் மாவு அதன் அன்றாட உணவு என்றாலும், இரையைத் துரத்திப் பிடிக்கும் இயல்பை அதற்கு அடியோடு மறுப்பதும் ஒருவகைக் கொடுமையே. சுவர்க்கோழி துன்பத்தை உணர்கிறதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிட்டு வருகின்றனர். ஆகவே கொலையே இல்லாத கண்ணாடிப் பேழையை நாம் செய்ய இயலாது. கொலையே இல்லாத வீட்டையும் செய்ய இயலாது.

அப்படியானால் சிறுமியின் கேள்விக்கு விடை எங்கே? எந்தப் பூச்சி தகுதியுடையது என்று தேடுவதை விடுத்து, 'நம் கை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது' என்று கேட்கத் தொடங்கும் இடத்தில் அது இருப்பதாகத் தோன்றியது. நமக்கு மூன்று கேள்விகள் புலப்பட்டன. இவ்வுயிரால் உண்மையில் தீங்கு நேர்கிறதா? இது இங்கு வருவதற்கு நாம் செய்தது என்ன? நாம் செய்யப்போகும் பரிகாரம் வேறு எவரையெல்லாம் தொடும்? இம்மூன்றையும் கேட்காமல் ஓங்கிய கை, நல்ல கையாயினும் குருட்டுக் கையே.

பீடை என்னும் பெயர்

முதற்கேள்வியை எடுத்துக்கொள்வோம். பூஞ்சை ஈயால் முத்துவுக்குத் தீங்கில்லை. கைக்கெட்டியதைச் சில வேளை அது உண்டும்விடும். வேரூன்றிய பெரணிக்கும் மணி பிளாண்டுக்கும் பெரும் சேதமில்லை. நாற்றுகளும் புதிதாக நட்ட தண்டுகளுமே சற்றுத் துன்புறும். காட்டில் இதே ஈயின் புழு, விழுந்த இலையை மண்ணாக்கும் பெரும்பணியில் பங்கெடுக்கிறது. உழைப்பில் அது ஸ்பிரிங்டெயிலின் உடன்பிறப்பு. அது பீடையானது நம் தேநீர்க் கோப்பையில் அமர்ந்தபோதுதான்.

பீடை என்பது ஓர் உயிரின் இயற்கைப் பெயரன்று. நாம் இடும் பெயர். பெயரிட்ட மாத்திரத்தில் கண் மூடிக்கொள்கிறது. அதன்பின் அங்கே ஓர் உயிர் தெரிவதில்லை. அகற்றப்பட வேண்டிய தொல்லை மட்டுமே தெரிகிறது. இது ஈயோடு நின்றுவிட்டால் அத்துணை அச்சமில்லை. 1994ஆம் ஆண்டு ருவாண்டா நாட்டில் ஓர் இனத்து மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று வானொலி நாள்தோறும் அழைத்தது. அழைத்துப் பழகிய செவிகளும் கைகளும் என்ன செய்தன என்பதை உலகம் அறியும். பூச்சியையும் மனிதரையும் நாம் ஒப்பிடவில்லை. பார்க்காமல் பெயரிடும் பழக்கத்தையே சுட்டுகிறோம். சிறியதில் பழகிய குருடு பெரியதிலும் தொடர்ந்து வரும். நம் ஊர்களிலும் நடைபாதையில் உறங்குவோரைத் 'தொல்லை' என்று எளிதாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. சொல்லியவர்களில் நாமும் ஒருவராயிருந்ததுண்டு.

தண்ணீர் ஊற்றிய கை

இரண்டாம் கேள்விதான் நம்மைப் பெரிதும் சுட்டது. பனி உறைந்த நகரில், மூடிய வீட்டுக்குள், இந்த ஈக்கள் எவ்வாறு வந்தன? கடையில் வாங்கிய மண் மூட்டையிலோ செடியின் வேரிலோ சில முட்டைகள் ஒளிந்து வந்திருக்கலாம். அவற்றை ஆயிரமாக்கியது எது? சிறுமியின் அன்பு!

மழைக்காட்டுப் பல்லிக்கு ஈரம் வேண்டும் என்று படித்திருந்தாள். ஆகவே காலையிலும் மாலையிலும், பள்ளியிலிருந்து வந்ததும், உறங்கப் போகுமுன்னும் நீர் தெளித்தாள். செடி வாடுமோ என்று வேருக்கும் ஊற்றினாள். அடியிலிருந்த களிமண் உருண்டைகள் நீரில் மூழ்கிக் கிடந்தன. மேல்மண் சேறாகி, பாசி கறுத்து, பூஞ்சணம் படர்ந்திருந்தது. பூஞ்சை ஈக்கு இதைவிடப் பெரிய விருந்து ஏது? நியூ கலிடோனியாவின் காட்டிலும் மழை பெய்கிறது; பெய்த பின் காற்று வீசுகிறது, இலைகள் உலர்கின்றன. இரவில் ஈரமும் பகலில் உலர்ச்சியுமாக மாறி மாறி வருவதே அப்பல்லிக்கு உகந்தது. ஓயாத ஈரம் அதன் தோலுக்கும் கேடு. அன்பு ஈரத்தைக் கொடுக்கக் கற்றிருந்தது. இடைவெளியைக் கொடுக்கக் கற்றிருக்கவில்லை.

1829ஆம் ஆண்டளவில் லண்டனில் நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர் ஈரமண்ணோடு ஒரு புட்டியில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைக் காணக் காத்திருந்தார். முளைத்ததோ ஒரு பெரணியும் ஒரு புல்லும். புகையும் தூசியும் நிறைந்த அந்நகரில் வாடிப்போன பெரணி, மூடிய புட்டிக்குள் தழைத்தது. அந்த வியப்பிலிருந்து பிறந்தவைதாம் இன்றைய கண்ணாடித் தோட்டங்கள். அவர் பூச்சியை எதிர்பார்த்தார், செடி வந்தது. நாம் செடியை எதிர்பார்க்கிறோம், பூச்சி வருகிறது. மண்ணையும் நீரையும் ஒரு கண்ணாடிக்குள் அடைத்துவிட்டால், அதற்குள் நாம் விரும்பியது மட்டுமே பிறக்கும் என்பதற்கு உறுதியில்லை. சிறியதோர் உலகைப் படைக்க முற்படுகிறவன், அதில் அழையாமல் வருவனவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டியவனாகிறான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முத்து தானாக விரும்பிக் கண்ணாடிக்குள் வரவில்லை. இன்று வீடுகளில் வாழும் இவ்வினத்துப் பல்லிகள் பெரும்பாலும் வளர்ப்பிலேயே பிறந்தவை. காட்டை அவை கண்டதில்லை. ஆனாலும் கதவைத் திறந்து மூடும் கை நம்முடையது. உலகம் நமக்கு உடைமையாக அன்றிப் பொறுப்பாகவே தரப்பட்டுள்ளது என்று நம்புகிறவர்கள் நாம். ஓர் உயிரை நம் கைக்குள் எடுத்துக்கொண்டபின், அதன் வெப்பமும் ஈரமும் காற்றும் நம் கணக்கில் எழுதப்படுகின்றன. அதன் மண்ணில் பிறக்கும் ஈயும் அக்கணக்கில் உண்டு.

எனவே பரிகாரம் நம் கையிலிருந்தே தொடங்கியது. வேருக்கு நீர் ஊற்றுவது நின்றது. தேங்கிய நீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தோம். கறுத்த பாசியை அகற்றினோம். இரவில் ஒருமுறை இலைகளில் மட்டும் நீர் தெளித்து, மேல்மண் விரல் நுனி அளவுக்கு உலரும்வரை காத்திருந்தோம். ஸ்பிரிங்டெயில்களும் மரப்பேன்களும் ஒதுங்குவதற்காக ஒரு மூலையில் மட்டும் ஈரம் விட்டுவைத்தோம். உருளைக்கிழங்கு வில்லைகளை மண்ணின்மேல் வைத்தபோது புழுக்கள் அவற்றின் அடியில் வந்து கூடின. மூன்று நாளுக்கொருமுறை வில்லைகளை எடுத்து அகற்றினோம். மஞ்சள் அட்டை பேழைக்கு வெளியே, முத்து தொட முடியாத விளக்கருகே இடம் மாறியது.

கொல்ல வேண்டிய இடமும் உண்டு

இவ்வளவு சொன்னபின், பூச்சியைக் கொல்வதே பாவம் என்று நாம் உரைப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசு வீட்டுத் தொட்டியில் வளர்ந்தால், அதை அழிக்காமல் விடுவதே குற்றம். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் கருப்பு ஈக்கள் பரப்பிய நோயால் எண்ணற்றோர் கண்ணிழந்தனர். அந்த ஈக்களின் புழுக்களை ஆறுகளிலேயே அழித்ததால் ஊர் ஊராக மக்கள் பார்வையைக் காத்துக்கொண்டனர். அங்கே தீங்கு மெய்; தேவை மெய். கொல்லும் கை அங்கே காக்கும் கையுமாகிறது.

இங்கே மூன்றாம் கேள்வி எழுகிறது: பரிகாரம் வேறு எவரைத் தொடும்? 1976ஆம் ஆண்டில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில், கொசுப்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியம் ஒன்று கண்டறியப்பட்டது. பிடிஐ என்று அதனைச் சுருக்கி அழைக்கின்றனர். கொசு, கருப்பு ஈ, பூஞ்சை ஈ ஆகியவற்றின் புழுக்கள் அதனை உண்டால், அவற்றின் குடலில் மட்டும் அது நஞ்சாகிறது. பல்லிக்கோ மரப்பேனுக்கோ மனிதருக்கோ அந்நஞ்சு பலிப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலும் 1980களில் இது பயன்பட்டது. மறுபுறம், ஒரு காலத்தில் எல்லாப் பூச்சிகளுக்கும் ஒரே மருந்து என்று கொண்டாடப்பட்ட டிடிடி, பூச்சியிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் ஏறிச் சென்று முட்டை ஓடுகளை மெலிவித்தது. இத்தகைய நஞ்சுகளின் ஆபத்தை 1962ஆம் ஆண்டில் ரேச்சல் கார்சன் எழுதிய நூல் உலகுக்கு எடுத்துரைத்தது. இரண்டுமே கொல்லும் பொருள்கள்தாம். ஒன்று யாரைத் தொடுகிறோம் என்று அறிந்து தொடுகிறது; மற்றொன்று அறியாமல் எல்லாரையும் தொட்டது. அறிவும் அன்பின் ஒரு பகுதியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சில வாரம் பொறுத்தும் புழுக்கள் எஞ்சியிருந்ததால், பிடிஐ கலந்த நீரைச் சிறுமி மண்ணில் அளவோடு ஊற்றினாள். ஊற்றுமுன் நம்மைப் பார்த்து, "இப்போது கொல்கிறேன் என்று தெரிந்தே கொல்கிறேன், பெரியப்பா" என்றாள். அந்தச் சொல்லில் இருந்த நேர்மை நம்மை வாயடைக்கச் செய்தது. நாம் ஆயிரம் கொசுக்களை அடித்திருக்கிறோம்; ஒன்றையேனும் தெரிந்து கொன்றதில்லை.

மனிதர் பசித்திருக்கும் உலகில் ஈயைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. பசித்தவன் முன் ஈயைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஆயினும் பசித்தவனைக் காணும் கண் வேறு, ஈயைக் காணும் கண் வேறு என்று நமக்கு இரண்டு கண்கள் தரப்படவில்லை. உற்று நோக்குவது, காரணத்தைத் தன்னிடம் தேடுவது, பரிகாரம் செய்யுமுன் பக்கத்தில் இருப்பவரை எண்ணிப் பார்ப்பது ஆகிய இவற்றைச் சிறியவற்றில் பழகாதவனுக்குப் பெரியவற்றில் அவை திடீரென்று வாய்ப்பதில்லை. பிள்ளையைத் திருத்த அடிக்கும் தந்தைக்கும், ஊரைத் தூய்மையாக்க ஏழையின் குடிசையை இடிக்கும் அதிகாரிக்கும் இந்த மூன்று கேள்விகளும் பொருந்தும்.

எஞ்சிய சில

நாம் ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துச் சிறுமி தொலைபேசியில் பேசினாள். முத்து நலமாயிருக்கிறது, வால் இல்லாமலேயே கிளைக்குக் கிளை தாவப் பழகிவிட்டது. பெரணி புதுக் குருத்து விட்டிருக்கிறது. ஈக்கள் முற்றிலும் ஒழிந்தனவா என்று கேட்டோம்.

"இல்லை பெரியப்பா. எப்போதாவது ஒன்றிரண்டு பறக்கும். அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்."

அந்த 'விட்டுவிட்டேன்' என்ற சொல்லை நாம் பல நாள் நெஞ்சில் சுமந்து திரிந்தோம். முழுமையாக ஒழித்தே தீர வேண்டும் என்ற வேகத்தில்தான் பூச்சிமருந்துக் குப்பியும் மஞ்சள் அட்டையும் பேழையை நெருங்கின. உயிருள்ள மண் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு ஈ பறக்கத்தான் செய்யும். ஒன்றும் பறக்காத பேழை வேண்டுமெனில் மண்ணையும் செடியையும் அகற்றிவிட்டு நெகிழி இலைகளை ஒட்டிவைக்கலாம். அங்கே முத்துவும் ஒரு பொம்மையைப் போலத்தான் வாழும்.

ஓர் ஈயைக் கொல்வதற்குக் காரணம் வேண்டுமா என்ற கேள்வியோடு தொடங்கினோம். வேண்டும் என்றே இன்று நமக்குத் தோன்றுகிறது. பல வேளைகளில் அக்காரணம் இருக்கும். சில வேளைகளில் இராது. இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு கணத்தை நம் கைக்குக் கொடுப்போம். அந்த ஒரு கணத்தை நாம் அன்று கொடுத்திருந்தால், ஒரு சிறுமியின் கண்ணீரும் ஒரு பல்லியின் வாலும் மிஞ்சியிருக்கும்.